டெல்டாவில் மின்னொளி நாக் அவுட் கூடைப்பந்து: ரொக்கப் பரிசுப் போட்டி நடத்த முழு வழிகாட்டி

நாக் அவுட் போட்டிக்குப் பதினாறு அணிகள் வந்தால் பதினைந்து அணிகள் தோற்றுத்தான் ஊர் திரும்பும். கோப்பை வாங்கிய அணி எப்படியும் உங்களைப் பாராட்டும். மற்ற பதினைந்து அணிகளும் பஸ் ஏறும்போது என்ன பேசிக்கொண்டு போகின்றன என்பதுதான் விஷயம். "டேபிள்ல ஸ்கோரைக் கூட்டிட்டாங்க", "உள்ளூர் டீமுக்கு ஏத்த மாதிரி ஃபிக்சர் போட்டுட்டாங்க", "சொன்ன காசு வேற, கொடுத்த காசு வேற" என்று பேச இடம் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் நல்ல அணி எதுவும் எட்டிப் பார்க்காது. லீக் முறையில் ஒரு ஆட்டத்தில் நடந்த தவறை அடுத்த ஆட்டம் ஈடுகட்டிவிடும். நாக் அவுட்டில் அந்த வாய்ப்பு கிடையாது. பரிசு லட்சத்தில் இருந்தால் ஒரு விசில் தப்பானால்கூட கலவரம்தான்.

தோற்றவன் குறை சொல்ல முடியாதபடி நடத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கணக்குக்காக ஒரு சிமெண்ட் கோர்ட், ஆண்கள் அணி 16, மூன்று நாள், மொத்தப் பரிசு ₹2,00,000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊருக்குத் தக்கபடி கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

1. முதலில் பணம், பிறகு நோட்டீஸ்

பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. முதல் பரிசு ஒரு லட்சம் என்று ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டு அதற்குப் பிறகு ஸ்பான்சரைத் தேடி அலைகிறார்கள். ரைஸ் மில்காரர், உரக்கடைக்காரர், அறுவடை மெஷின் வைத்திருப்பவர், சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் என எல்லோரும் தருகிறேன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மேடையில் மைக்கில் அறிவிக்கும் தொகைக்கும் கடைசியில் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள தூரம், கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்த எவருக்கும் தெரியும்.

மூன்று பேர் சேர்ந்து கூட்டு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அந்த மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். பரிசுத் தொகை முழுவதும் அந்தக் கணக்கில் ஏறிய பிறகுதான் நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும். பந்தல், ஜெனரேட்டர், சாப்பாட்டுச் செலவெல்லாம் வேறு கணக்கு. இரண்டையும் கலந்தால் கடைசி நாள் பரிசுப் பணத்தில்தான் கை வைப்பீர்கள்.

பங்கீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2014-இல் தொடங்கிய 'தி பாஸ்கெட்பால் டோர்னமெண்ட்' நாக் அவுட் முறையில் நடப்பது. ஜெயித்த அணிக்கே மொத்தப் பணமும் போகும். முதல் வருஷம் 5 லட்சம் டாலர், அடுத்த வருஷம் 10 லட்சம், 2016 முதல் 2019 வரை 20 லட்சம் டாலர். இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி வெறும் கையோடுதான் போகும். 2015-இலிருந்து 2018 வரை 'ஓவர்சீஸ் எலைட்' என்ற ஒரே அணி தொடர்ந்து நான்கு தடவை அள்ளிக்கொண்டு போனது. டிவி ரசிகர்களுக்கு இது நல்ல தீனி. நமக்குச் சரிப்படாது. சென்னையிலிருந்து டிக்கெட் போட்டு வருகிற அணி, ஒரே ஆட்டத்தில் தோற்றால் கைக்காசு போய்விடும் என்று தெரிந்தால் வராது. முதல் பரிசு ₹90,000, இரண்டாம் பரிசு ₹50,000, அரையிறுதியில் தோற்ற இரு அணிகளுக்கும் தலா ₹20,000, மீதி ₹20,000-இல் தொலைதூர அணிகளுக்குப் பயணப்படி என்று பிரிப்பேன் நான். மூன்றாம் இடத்துக்கு ஆட்டம் வைக்காதீர்கள். அரையிறுதியில் தோற்றவர்களுக்கு அதில் மனசே இருக்காது. உங்களுக்கும் ஒன்றரை மணி நேரம் வீண்.

தொகை பெரிதென்றால் வருமான வரிப் பிடித்தம் பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். "பரிசுத் தொகை வரிப் பிடித்தத்துக்கு உட்பட்டது" என்று நோட்டீசிலேயே ஒரு வரி இருக்கட்டும். கடைசி இரவில் அதைச் சொன்னால் உங்களைத் திருடன் என்பார்கள்.

2. தேதி

டெல்டாவில் தேதி குறிக்க காலண்டரோடு வயலையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம், பேச்சே இல்லை. பொங்கலை ஒட்டி வைக்க எல்லோருக்கும் ஆசை வரும், ஆட்டக்காரர்களும் ஊரில் இருப்பார்கள். ஆனால் தை, மாசியில் இரவு ஏற ஏற சிமெண்ட் தரையில் பனி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. வேகமாக ஓடி வந்து காலை ஊன்றித் திரும்புகிறவன் சறுக்கும்போதுதான் தெரியும். சம்பா வயல் பக்கத்திலேயே இருந்தால் விளக்கு வெளிச்சத்துக்குப் பச்சைத் தத்துப்பூச்சி மொய்க்கும். ஆட்டக்காரன் கண்ணிலும் விழும், தரையிலும் விழுந்து நசுங்கும்.

சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கைக்கு வந்து, பள்ளித் தேர்வுகளும் முடிந்திருக்கிற சித்திரைதான் தோது. வெயில் கொல்லும், அதனால் பகலில் ஆட்டம் வைக்க முடியாது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டு மோதலைத் தவிருங்கள். ஒன்று, திருவிழா. மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயில் பங்குனிப் பெருவிழா, திருவாரூர் ஆழித்தேர், தஞ்சைப் பெரிய கோயில் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில் காவல்துறை பந்தோபஸ்துக்குப் போய்விடும். உங்களுக்கு நாலு பேர் கிடைப்பதே பெரிய விஷயம். இரண்டு, முகூர்த்த நாள். அன்றைக்கு அணிகளைத் தங்கவைக்கக் கல்யாண மண்டபம் கிடைக்காது, சவுண்ட் சர்வீஸ் கிடைக்காது, சமையல்காரர்கூடக் கிடைக்க மாட்டார்.

3. அனுமதி

கோர்ட் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். காவல் நிலையத்தில் நிகழ்ச்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் சேர்த்து மனு கொடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே காலை ஆட்டத்துக்கும் ஆறு மணிக்கு முன்னால் பாட்டுப் போடக் கூடாது. மின்வாரியத்தில் பணம் கட்டித் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். கம்பத்தில் கொக்கி போட்டு நடத்தி ஒரு பையனுக்கு ஷாக் அடித்தால் எல்லாம் முடிந்தது. மாவட்டக் கூடைப்பந்துக் கழகத்துக்குத் தகவல் கொடுப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. தகுதி பெற்ற நடுவர்கள் அவர்கள் வழியாகத்தான் வருவார்கள்.

4. ஃபிக்சர்: இங்கேதான் நம்பிக்கை நிற்கும் அல்லது விழும்

ஃபிக்சர் என்றால் யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை. அடிப்படைக் கணக்கு சுலபம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு அணி வெளியேறும். ஆக, எத்தனை அணி வந்தாலும் மொத்த ஆட்டம் அதைவிட ஒன்று குறைவு. 16 அணிக்கு 15 ஆட்டம், 24 அணிக்கு 23.

அணி எண்ணிக்கை 8, 16, 32 என்று அமையாவிட்டால் சிலருக்கு 'பை', அதாவது முதல் சுற்றில் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, கொடுக்க வேண்டும். அடுத்த பெரிய எண்ணிலிருந்து அணிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 13 அணி என்றால் 16-இல் 13 போக 3 பை. 20 அணி என்றால் 32-இல் 20 போக 12 பை. முதல் சுற்றில் 8 அணிகள் 4 ஆட்டம் ஆடும், ஜெயித்த நான்கும் பை பெற்ற பன்னிரண்டும் சேர்ந்து 16 ஆகும். பை எல்லாம் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட வேண்டும். கால் இறுதிக்குப் பக்கத்தில் ஒரு அணிக்கு பை விழுந்தால் அது போட்டியே இல்லை.

சீடிங், அதாவது பலமான அணிகள் ஆரம்பத்திலேயே மோதாதபடி பிரித்து வைப்பது, நான்கு அணிகளுக்கு மட்டும் போதும். போன வருஷ வெற்றியாளர் அட்டவணையின் உச்சியில், இரண்டாம் இடம் பெற்றவர் அடியில். மூன்றாவது, நான்காவது சீடுகளை மற்ற இரு கால்பகுதிகளில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மீதிப் பன்னிரண்டும் குலுக்கல்தான். உள்ளூர் அணிகள் இரண்டு இருந்தால் ஒன்றை மேல் பாதியிலும் ஒன்றைக் கீழ்ப் பாதியிலும் வைப்பது வழக்கம். அதைக் குலுக்கலுக்கு முன்பே அறிவித்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பின்னால் செய்தால் சூழ்ச்சி.

குலுக்கலை உங்கள் வீட்டுத் திண்ணையில் நடத்தாதீர்கள். கோர்ட்டிலேயே, சாயங்காலத்தில், வர முடிந்த அணிகளின் ஆட்களை வைத்துக்கொண்டு நடத்துங்கள். சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டு ஒரே அளவில் மடித்துக் குடத்தில் போடுங்கள். அணி எதிலும் சேராத ஒரு சின்னப் பிள்ளை எடுக்கட்டும். முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து, எல்லா கேப்டனும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் அன்றிரவே போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு அணி விலகினால் எதிரணிக்கு வாக்கோவர், ஆடாமலே வெற்றி. மறுகுலுக்கல் கிடையாது.

நேர அட்டவணைதான் பலரும் கோட்டை விடும் இடம். சர்வதேச விதிப்படி 10 நிமிடக் கால்பகுதி நான்கு, நடுவில் 15 நிமிட இடைவேளை. இடைவேளையை 10 நிமிடமாகச் சுருக்கினால் ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை 6:00, 7:30. மாலை 4:00, 5:30, 7:00, 8:30. வெயிலை ஒதுக்கிவிட்டால் ஒரு நாளைக்கு இந்த ஆறு இடங்கள்தான்.

வெள்ளிக்கிழமை முதல் சுற்றில் ஆறு ஆட்டம். உழவன் எக்ஸ்பிரஸிலும் மன்னை எக்ஸ்பிரஸிலும் விடிய விடிய வந்து இறங்கும் சென்னை அணிகளுக்கு மாலை நேரம். காலை ஆட்டங்களைப் பட்டுக்கோட்டை, கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற பக்கத்து அணிகளுக்கு ஒதுக்குங்கள். சனிக்கிழமை காலை முதல் சுற்றின் மீதி இரண்டு ஆட்டம், மாலையில் கால் இறுதி நான்கும். கவனியுங்கள்: சனிக்கிழமை காலையில் ஜெயித்த இரு அணிகளும் அன்று மாலையே மறுபடி ஆட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆடி ஓய்வெடுத்த அணியோடு இவர்களை மோதவிட்டால் அநியாயம். அந்த இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தவர்களும் ஒரே கால் இறுதியில் சந்திக்கும்படி ஃபிக்சரில் அமைத்தால் களைத்தவனும் களைத்தவனும் மோதுவார்கள். அந்தக் கால் இறுதியை 8:30-க்கு வையுங்கள். அதில் ஜெயித்த அணிக்கு ஞாயிறு காலை அரையிறுதியில் 7:30 ஆட்டம், 6:00 அல்ல. இறுதி ஆட்டம் ஞாயிறு இரவு 7:00.

அரையிறுதி காலையில் என்றால் கூட்டம் வராதே என்பார்கள். டீக்கடை திறந்திருந்தால் வருவார்கள்.

5. ஆட்டக்காரர் பட்டியல்

பரிசு பெரிதானால் 'கெஸ்ட் பிளேயர்' பிரச்சினை வராமல் இருக்காது. கால் இறுதிக்கு வந்த அணி ஃபோன் போட்டு இரண்டு உயரமான ஆட்களை வெளியூரிலிருந்து இறக்கும். வெளி ஆட்டக்காரர்களை அனுமதிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் முதல் ஆட்டத்துக்கு முன் 12 பேர் பட்டியல், ஆதார் அசலைப் பார்த்துச் சரிபார்த்து, மூடப்பட வேண்டும். அதற்குப் பிறகு காயம் பட்டாலும் மாற்று இல்லை. ஒரு அணியில் பெயர் உள்ளவர் இன்னொரு அணியில் ஆடினால் அந்த இரண்டாவது அணி வெளியே. வராமல் ஏமாற்றுபவர்களுக்காக நுழைவுக் கட்டணத்தோடு ஒரு முன்பணமும் வாங்கிக்கொண்டு, முதல் ஆட்டம் ஆடியதும் திருப்பிக் கொடுங்கள். தாமதத்துக்குச் சர்வதேச விதியே போதும்: குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து பேர் களத்தில் இல்லாவிட்டால் எதிரணிக்கு 20–0 வெற்றி.

6. களம்

கோர்ட் 28 மீட்டருக்கு 15 மீட்டர், ரிங் உயரம் 3.05 மீட்டர், மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 2 மீட்டருக்கு நாற்காலி, கேமரா, கால் எதுவும் வரக் கூடாது. பையன்கள் தொங்கித் தொங்கி ரிங் முன்பக்கம் சாய்ந்திருக்கும்; டேப்பும் ரசமட்டமும் வைத்துப் பாருங்கள். இரண்டு ரிங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நம் களிமண் பூமி கோடையில் சுருங்கி சிமெண்ட் தளத்தில் விரிசல் விட்டிருக்கும். இரண்டு வாரம் முன்பே பூசிக் காயவிட வேண்டும். போர்டுக் கம்பத்தைச் சுற்றித் தடிமனான ஃபோம் கட்டுங்கள். விளக்குக் கம்பம் ரிங்குக்குப் பின்னால் வரக் கூடாது. வந்தால் ஷூட் பண்ணுகிறவனுக்கு வெளிச்சம்தான் தெரியும், வளையம் தெரியாது. கோர்ட் கிழக்கு மேற்காக அமைந்திருந்தால் நாலு மணி ஆட்டத்தில் ஒரு அணிக்கு முகத்தில் வெயில் அடிக்கும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள் என்றாலும் அதற்குள் சூரியனும் இறங்கிவிடும். மேற்குப் பக்கம் உயரமாக ஷாமியானா கட்டுவதே வழி.

7. டேபிள்

ஃப்ளெக்சுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை ஸ்கோரும் நேரமும் குறிக்கும் டேபிளுக்குக் கொடுத்தால் சண்டையில் பாதி குறையும். ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் (பந்து கையில் உள்ள அணி ஷூட் பண்ண வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரம்) ஆபரேட்டர் என நாலு பேர். நாலு பேரும் ஆடத் தெரிந்தவர்களாக, எந்த அணிக்கும் சொந்தக்காரர் இல்லாதவர்களாக இருக்கட்டும். அவர்களுக்குச் சம்பளமும் வேளைக்குச் சாப்பாடும் கொடுங்கள். டேபிளைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். ஊர்ப் பெரியவர் என்றாலும் அங்கே போய் நிற்கக் கூடாது.

சண்டை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். நாலாவது கால்பகுதி, மூன்று நிமிடம் மிச்சம். எலக்ட்ரானிக் போர்டில் 60–58. ஸ்கோர்ஷீட்டில் 58–58. போர்டை அழுத்துகிற பையன், நடுவர் ரத்து செய்த ஒரு கூடையைச் சேர்த்து அழுத்தியிருக்கிறான். செல்லுபடியாவது ஷீட்தான். ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருப்பது போர்டை! இரண்டு நிமிடத்தில் மைதானத்துக்குள் ஐம்பது பேர். இதற்கு வழி, ஒவ்வொரு கூடைக்கும் ஸ்கோரர் வாய்விட்டு "நீலம், எட்டாம் நம்பர், இரண்டு, ஐம்பத்தெட்டு" என்று சொல்ல வேண்டும். உதவி ஸ்கோரர் போர்டைப் பார்த்து "ஐம்பத்தெட்டு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கால்பகுதி முடிவிலும் ஷீட்டில் கடைசி எண்ணைச் சுற்றி வட்டமும் அடியில் தடித்த கோடும் போட்டு, இரு அணி கோச்சுக்கும் காட்டிய பிறகே அடுத்த கால்பகுதி. ஆட்டம் முடிந்து தலைமை நடுவர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

24 விநாடி ஷாட் கிளாக் இல்லாமல் பணப் போட்டி நடத்தவே கூடாது. அது இல்லாவிட்டால் முன்னணியில் இருக்கும் அணி கடைசி நாலு நிமிடம் பந்தைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கும், எதிரணி ஃபவுல் மேல் ஃபவுல் அடிக்கும். வாடகைக்காவது எடுங்கள். ஷூட் ரிங்கில் பட்டுத் தாக்கும் அணிக்கே பந்து திரும்பினால் 24 அல்ல, 14 என்பதை ஆபரேட்டருக்கு முந்தின நாளே பழக்கிவிடுங்கள். ஆட்ட மணியும் ஷாட் கிளாக் மணியும் வேறு வேறு ஒலியில் இருக்க வேண்டும்.

8. நடுவரும் புகாரும்

நடுவர்கள் வெளி மாவட்டத்தவர்களாக இருக்கட்டும். தங்குமிடமும் அணிகளோடு இல்லாமல் தனியாக. ஆட்டத்துக்கு ஆட்டம் பணத்தை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் கணக்கு என்றால் அவர்களுக்கும் சந்தேகம் வரும். புகாருக்கு மூன்று பேர் குழு. ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் கேப்டன் நடுவரிடம் சொல்லி ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்திட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு தொகை கட்ட வேண்டும். புகார் சரியென்றால் தொகை திரும்பும். ஃபவுலா இல்லையா என்ற நடுவர் தீர்ப்பின் மேல் புகார் ஏற்கப்படாது, ஸ்கோர், நேரம், தகுதி பற்றி மட்டும்தான் என்று விதித்தாளில் எழுதுங்கள்.

9. மழையும் கரண்ட்டும்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டானது. இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் கோர்ட்டில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா கனடாவை வென்ற ஸ்கோர் 19–8. கோடை மழை நமக்கும் அதைச் செய்யும், ஆனால் நாம் அப்படி ஆடவைக்கக் கூடாது. ஈர சிமெண்ட்டில் முழங்கால் போய்விடும்.

விதி இப்படி இருக்கட்டும்: மழையோ மின்தடையோ வந்தால் நின்ற விநாடி, ஸ்கோர், ஃபவுல், பந்து யாரிடம் என்பதைக் குறித்து இரு கேப்டனும் கையெழுத்திட வேண்டும். 45 நிமிடம் காத்திருந்து, முடியாவிட்டால் மறுநாள் காலை அதே இடத்திலிருந்து தொடர்ச்சி. மறு ஆட்டம் என்ற பேச்சே வேண்டாம். முன்னணியில் இருந்த அணி ஒப்பாது. அவசரத்துக்குத் திங்கட்கிழமை காலையையும் கையில் வைத்திருங்கள். ஜெனரேட்டர் எப்போதும் ஓட்டத்திலேயே இருக்கட்டும், கரண்ட் போன பிறகு கயிறு இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். தண்ணீரைத் தள்ள ரப்பர் வைப்பர் நாலு, பழைய வேட்டி ஒரு மூட்டை.

10. கடிகாரம் இல்லாத முடிவு

தொடக்கத்தில் சொன்ன அந்த அமெரிக்கப் போட்டியில் நிக் ஈலம் என்ற பேராசிரியரின் யோசனையைப் பயன்படுத்துகிறார்கள். கடைசிக் கால்பகுதியில் நாலு நிமிடத்துக்குக் கீழே போனதும் முதல் விசிலில் கடிகாரத்தை அணைத்துவிடுவார்கள். முன்னணி அணியின் ஸ்கோரோடு 8 கூட்டினால் அதுதான் இலக்கு. 62–57 என்றால் இலக்கு 70. யார் முதலில் தொடுகிறார்களோ அவர்கள் வென்றார்கள். கூடுதல் நேரமே வராது, கடைசியில் வேண்டுமென்றே ஃபவுல் அடிப்பதற்கும் அர்த்தமில்லை. எனக்குப் பிடித்த முறை. ஆனாலும் பழகாத அணிகளிடம் லட்ச ரூபாய் ஆட்டத்தில் இதைத் திணிக்க வேண்டாம். இறுதி ஆட்டத்துக்கு முன் மூத்த ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான ஆட்டங்களுக்கு வழக்கமான 5 நிமிடக் கூடுதல் நேரமே இருக்கட்டும்.

11. பரிசளிப்பு இரவு

இறுதி ஆட்டம் முடியும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். மைக்குக்கு ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். ஏழு பேர் பொன்னாடை, ஏழு பேர் வாழ்த்துரை என்று போனால் பத்து மணிக்கு கேப்டன் இன்னும் வியர்வையோடு நின்றுகொண்டிருப்பான். பேச்சையெல்லாம் ஆட்டத்துக்கு முன்போ இடைவேளையிலோ முடித்துவிடுங்கள்.

பெரிய அட்டைக் காசோலை ஃபோட்டோவுக்கு. நிஜப் பணம் அன்றிரவே வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறும் இரவும் பார்க்காமல் வேலை செய்கிறது. "பேங்க் லீவு, செவ்வாய்க்கிழமை வாங்கிக்கோ தம்பி" என்ற பேச்சு இனிச் செல்லாது. யார் கணக்கில் போட வேண்டும் என்று 12 பேரும் கையெழுத்திட்ட கடிதத்தை அரையிறுதிக்கு முன்பே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் பணம் கேப்டனுக்குப் போய் அணிக்குள் அடிதடி. அந்தக் கணக்குக்கு முன்கூட்டியே ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கும் கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பச் சில வங்கிகள் நேரம் எடுக்கும்.

மறு வாரத்துக்குள் வரவு செலவை ஒரே பக்கத்தில் தட்டி, ஸ்பான்சர்களுக்கும் கேப்டன்கள் குழுவுக்கும் அனுப்புங்கள். சவுண்ட் சர்வீஸ், ஜெனரேட்டர், சமையல் பாக்கி எதுவும் இருந்தால் அதையும் மறைக்காமல் அந்தப் பக்கத்திலேயே போடுங்கள். மீதி நின்றால் நெட், ஷாட் கிளாக் பேட்டரி, கோர்ட் பெயிண்ட், இந்த வரிசையில் செலவழியுங்கள்.